தோற்றவர் கொண்டுவரும் லப்பெட்

தோற்பதில் ருசி கண்ட மனுஷி ஒருவரைத்தான் என் வாழ்நாளில் பார்த்திருக்கிறேன். வழக்கில் தோற்று, வியாபாரத்தில் தோற்று ஓய்ந்து உட்கார்ந்தவர்கள் ஊரெல்லாம் உண்டு. இவர் அந்த ரகம் இல்லை. தானே போட்டியை ஏற்பாடு செய்து, தானே விதி போட்டு, தானே எண்ணி, தானே தோற்றுவிட்டு, ஜெயித்தவர் வீட்டுக்குத் தட்டை ஏந்திக்கொண்டு போகிற ரகம். எங்கள் கட்டிடத்து மூன்றாம் மாடி ஆன்ட்டி.

தின்கன்ஜூன் வட்டாரத்தில் அந்தக் கட்டிடம் இன்னும் நிற்கிறது. கீழே பாய் கடையும் அதன் பின்னாலேயே அவர் வீடும், மேலே ஆறு மாடி, மாடிக்கு ஒரு வீடு, லிப்ட் என்ற பேச்சே கிடையாது. ரங்கூனில் இப்படிப்பட்ட கட்டிடம் எல்லாவற்றுக்கும் உள்ள ஏற்பாடு எங்களுக்கும் உண்டு. ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரைக்கும் தொங்கும். கீழ் நுனியில் ஒரு கிளிப், மேலே பால்கனிக் கம்பியில் ஒரு சின்ன மணி. கீழே இருப்பவர் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். பேப்பர், ரொட்டி, வெங்காயம், காய்ச்சல் மாத்திரை எல்லாம் அதில்தான் மேலே போகும். ஆறு கயிறும் தொங்குவது பாய் கடை வாசலில். ஆகவே எதைக் கிளிப்பில் மாட்டினாலும், எதைக் கழற்றினாலும், எந்த மணியை அடித்தாலும், அது பாயின் கை. அவருக்கு அதற்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை, அவரும் கேட்டதில்லை.

ஆன்ட்டி குள்ளம். மூக்குக் கண்ணாடியின் ஒரு காது உடைந்து பிளாஸ்திரி சுற்றியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகும்போது கன்னத்தில் தனாக்கா மரப்பட்டை விழுதும், அதன்மேல் பவுடரும் பூசுவார். இரண்டில் ஒன்று போதாதா என்று கேட்டால், ஒன்று பர்மாவுக்கு, ஒன்று மிஷன் ஸ்கூலுக்கு என்பார். கப்பல் ஏஜென்ட் ஆபீசில் டைப் அடித்து ஓய்வு பெற்றவர். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். ஆபீசிலிருந்து கொண்டு வந்த ஒரு பெரிய கறுப்புக் கைப்பையைச் சமையலறைக்குப் போகும்போதுகூட விடமாட்டார்.

இந்தத் தோற்கும் ஆசை அவருக்குப் பிற்பாடு வந்தது இல்லை. ராணுவ ஆட்சியில் வாயைத் திறக்க முடியாத காலத்திலேயே அது இருந்தது. அப்போதெல்லாம் வார்டுக் கூட்டம் என்றால், அதிகாரி முடிவை வாசிப்பார், ஆட்சேபம் உண்டா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்பார், நாங்கள் எல்லோரும் தரையில் ஏதோ தொலைத்த மாதிரி குனிந்துகொள்வோம், பிறகு கைதட்டிவிட்டு வீட்டுக்கு வருவோம். ஒரு நாள், பெரிய மனிதர் ஒருவர் அந்தச் சாலை வழியாகப் போகிறார் என்பதால் எல்லா வீட்டு முன்புறத்துக்கும் அவரவர் செலவில் வெள்ளையடிக்க வேண்டும் என்று முடிவு வாசித்தார்கள். ஆட்சேபம் உண்டா என்று கேட்டார்கள். நடு வரிசையில் ஒரு கை எழும்பியது.  பக்கத்தில் இருந்த என் மாமியார் தன் நாற்காலியை ஒரு முழம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

என்ன என்று அதிகாரி கேட்டார். தோள்பட்டை வாதம், சயா, தூக்கி வைத்தால்தான் வலி விடுகிறது என்று பர்மியில், சார் என்பதற்குச் சயா போட்டு, பணிவாகப் பதில் வந்தது. அதிகாரி தாளை மடித்தார். கைதட்டு ஆயிற்று, கூட்டம் முடிந்தது. ஆன்ட்டியின் கை மட்டும் கடைசி வரைக்கும் இறங்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஏன் இந்த வம்பு என்று நான் கடிந்துகொண்டேன்.

"ஒரு கை தூக்கியாச்சும்மா. எழுதிக்கறதும் எழுதாததும் அவங்க பாடு" என்றார், தோளைத் தேய்த்துக்கொண்டே. உண்மையிலேயே வலித்திருக்க வேண்டும்.

அப்புறம் நாட்டின் கதவு திறந்தது. எப்படித் திறந்தது, யார் திறந்தார்கள் என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். மலைப்பக்கம் சண்டை போட்டவர்கள் மேஜைக்கு வந்து கை குலுக்கினார்கள் என்று பேப்பரில் படம் வந்தது. தணிக்கை போய்விட்டது என்று அதே பேப்பரில் வந்தது. தங்கம் மாதிரி விற்ற சிம் கார்டு வெற்றிலைக் கடையில் கிடைத்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், பயிற்சி வகுப்பு வந்ததுதான். சமாதானத்துக்குப் பயிற்சி, தேர்தலுக்குப் பயிற்சி, பெண்களுக்குப் பயிற்சி, பயிற்சி கொடுப்பவர்களுக்குப் பயிற்சி. நகர நடுவில் கியாக்டடாவில் எந்த ஓட்டல் மாடியில் எட்டிப் பார்த்தாலும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, யாரோ ஒருவர் பெரிய தாளில் கலர் பேனாவால் எழுதிக்கொண்டிருப்பார். மத்தியானம் பிரியாணிப் பொட்டலம் உண்டு.

ஆன்ட்டி ஒன்றையும் விடவில்லை. இங்கிலீஷ் தெரியும், நேரமும் இருக்கிறது, பிரியாணியும் பிடிக்கும். ஆனால் மற்றவர்கள் பொட்டலத்தோடு வீடு திரும்பினால், இவர் வகுப்பையும் கூடவே கொண்டு வந்துவிடுவார். ஒரு தடவை எல்லாக் குடும்பத்தையும் படிக்கட்டில் உட்கார வைத்து, ஒவ்வொருவரும் தன் பெயரையும் தனக்குப் பிடித்த மிருகத்தையும் சொல்ல வேண்டும் என்றார். இருபது வருஷமாக ஒருவர் வீட்டுக் குழம்பு வாசனையை ஒருவர் முகர்ந்துகொண்டு வாழ்கிற எங்களுக்கு இந்த அறிமுகம். நாலாம் மாடியில் சர்க்கார் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பர்மியர் இருந்தார், நாங்கள் எல்லோரும் ஊலே என்று கூப்பிடுவோம், பெரியவருக்கு மரியாதையாக. அவர் தனக்கு எந்த மிருகமும் பிடிக்காது என்றார். ஆன்ட்டி விடவில்லை. கடைசியில் முனகிக்கொண்டே முயல் என்று சொன்னார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் என் மாமியாருக்குப் பல்செட் கழன்றுவிட்டது.

தேர்தல் பயிற்சிக்குப் போய் வந்த பிறகுதான் உண்மையான கூத்து. வெள்ளைத் தொப்பி ஒன்றும் அதில் பர்மியில் 'உங்கள் குரல்' என்ற எழுத்துமாக வந்து இறங்கினார். இனி கட்டிடத்து விஷயம் எல்லாம் ஓட்டுப் போட்டுத்தான் என்றார். வீட்டுக்கு ஒரு ஓட்டு. பிஸ்கட் டின்னின் மூடியில் கீறி ஓட்டுப் பெட்டி. படிக்கட்டு வளைவில் லுங்கி ஒன்றைக் கட்டி மறைவு. விரலுக்கு மை வேண்டுமே, வாய்ப்புண்ணுக்குப் போடும் ஊதா மருந்து. முதல் ஓட்டு, தண்ணீர் மோட்டாரைக் காலையில் போடுவதா சாயங்காலம் போடுவதா என்று. எங்கள் வீட்டு ஓட்டைப் போட்ட என் வீட்டுக்காரர் ஒரு வாரம் ஊதா விரலோடு ஆபீசுக்குப் போய் எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

காலையில் போட வேண்டும் என்பது ஆன்ட்டியின் கட்சி. தோற்றார். மறுநாள் பார்த்தால், அறை அறையாகப் பிரித்த அரக்குத் தட்டில் லப்பெட் எடுத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறுகிறார். லப்பெட் தெரியும் அல்லவா, ஊறவைத்த தேயிலை. எண்ணெய் விட்டு, வறுத்த பயறு, பூண்டு, எள், பச்சை மிளகாய் சேர்த்துப் பிசைந்து சாப்பிடுவது. இந்த நாட்டில் சண்டை தீர்ந்தது என்பதற்கு அந்தக் காலத்திலிருந்து அதுதான் அடையாளம். இரண்டு தரப்பும் ஒரே தட்டில் தேயிலை தின்றால் வழக்கு முடிந்தது. ஆன்ட்டி அதையும் தன் சட்டத்தில் சேர்த்துவிட்டார். தோற்றவர் தன் கையால் பிசைந்து, நேரில் கொண்டு போய், ஜெயித்தவருக்குக் கொடுக்க வேண்டும்.

முழங்கால் வலியோடு ஏன் இப்படி ஏறி இறங்குகிறீர்கள் என்று கேட்டேன்.

"நாம தோக்கவே முடியாதுன்னா அது ஓட்டு இல்லம்மா, உத்தரவு. உத்தரவு நெறய பாத்தாச்சு. இது எனக்குப் புதுசு, அனுபவிக்கிறேன் விடு."

அனுபவித்தார். வெற்றிலை எச்சிலைப் படிக்கட்டில் துப்பக் கூடாது என்று ஒரு ஓட்டுக் கொண்டு வந்தார். நிச்சயம் ஜெயிப்பார் என்று நினைத்தோம். கட்டிடத்தில் வெளிப்படையாக வெற்றிலை போடுகிறவர் முதல் மாடி டாக்சிக்காரர் ஒருவர்தான். நாலுக்கு மூன்று என்று தோற்றார். மறைவில் போட்ட ஓட்டு அல்லவா, அன்றையிலிருந்து ஐந்தாம் மாடி டீச்சர் சகோதரிகளின் பல்லை எல்லோரும் உற்றுப் பார்க்க ஆரம்பித்தோம். ஆன்ட்டி மட்டும் பார்க்க மாட்டார். ரகசிய ஓட்டு ரகசியம்தான் என்று எங்களை அதட்டினார்.

இன்னொரு தடவை படிக்கட்டு விளக்குக்காக ஓட்டு. ஆறாம் மாடியில் கப்பலுக்குப் போகிறவரின் மனைவி, யார் பக்கமும் சேர வேண்டாம் என்று ஓட்டே போடாமல் இருந்துவிட்டு, முடிவு வந்த பிறகு இருட்டில் விழுந்து எழுந்து புலம்பினாள். வராத ஓட்டு ஓட்டே இல்லை என்று ஆன்ட்டி கறாராகச் சொல்லிவிட்டார். வந்ததைத்தான் எண்ணுவேன், வராமல் இருந்தவர்களுக்காக அழமாட்டேன் என்றார். அந்த ஓட்டிலும் தோற்றது அவர்தான், இருட்டில் தடவிக்கொண்டு லப்பெட் கொண்டு போனதும் அவர்தான்.

ஒரே ஒருவர் மட்டும் ஒரு தடவையும் தோற்றதில்லை. ஊலே. ஓட்டுக்கு முந்தின நாள் படிக்கட்டில் ஏறி இறங்கி, யார் எந்தப் பக்கம் என்று நைசாக விசாரித்துக்கொண்டு, எந்தப் பக்கம் கனமோ அந்தப் பக்கம் போட்டுவிடுவார். சர்க்கார் உத்தியோகத்தில் ஊறிய புத்தி. அவர் லப்பெட் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாரே தவிர பிசைந்து கொடுத்தது கிடையாது. ஆன்ட்டிக்கு அதில் அவர்மேல் நிஜமான பரிதாபம் இருந்தது.

பிறகு அந்தக் கெட்ட வருஷம் வந்தது.

கதவு திறந்தபோது காற்று மட்டுமா வரும். கையில் போன் வந்தது, போனில் படங்கள் வந்தன. எங்கேயோ ஒரு ஊரில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன. யாரோ ஒருவர் மேடையில் பேசியதை எல்லோரும் எல்லோருக்கும் அனுப்பினார்கள். எங்கள் தெருவில் சில கடைகளின் கண்ணாடியில் ஸ்டிக்கர் முளைத்தது, இது நம்மவர் கடை என்று. பாய் கடையில் முளைக்கவில்லை, எப்படி முளைக்கும். அவருடைய வாப்பாவின் வாப்பா நாகப்பட்டினத்துப் பக்கத்திலிருந்து வந்தவர். இவர் பிறந்தது, கடை போட்டது, மகளைக் கட்டிக் கொடுத்தது எல்லாம் இங்கேதான்.

சனங்கள் மெதுவாக விலகினார்கள். சண்டை போடவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. முட்டை வாங்கத் தெருமுனை ஸ்டிக்கர் கடைக்குப் போனார்கள். வாங்கின முட்டையைத் தூக்கிக்கொண்டு ஆறு மாடி ஏற யாரால் முடியும்? கொண்டு வந்து பாயிடம் கொடுத்துவிட்டு, கொஞ்சம் கிளிப்பில் மாட்டிவிடுங்கள் என்று சொல்லி மேலே போனார்கள். பாய் மாட்டினார், மணி அடித்தார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு நெஞ்சு எரிந்தது. இந்த வெட்கங்கெட்ட காரியத்தில் எங்கள் வீடும் சேர்த்தி, என் மாமியார் முட்டை வாங்கியதும் தெருமுனையில்தான்.

பாயின் வீடும் கடையும் வாடகை. வீட்டுக்காரர் க்யிம்யிண்டைங்கில் படகுத்துறைப் பக்கம் சரக்கு ஏற்றி இறக்கும் தொழில் செய்கிறவர். வருஷ ஒப்பந்தம் முடிகிற சமயத்தில் ஊலே அவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கட்டிடத்தில் எல்லோருக்கும் பயமாக இருக்கிறது, பாய் இருந்தால் நமக்கும் கல் விழும் என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரருக்கு யார் இருந்தால் என்ன. நீங்கள்தான் எதற்கெடுத்தாலும் ஓட்டுப் போடுகிற ஆட்களாயிற்றே, ஓட்டுப் போட்டுச் சொல்லுங்கள், போகச் சொன்னால் ஒப்பந்தம் புதுப்பிக்கமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஊலே நேராக மூன்றாம் மாடிக் கதவைத் தட்டி, ஆன்ட்டியைச் சயாமா என்று மரியாதையாகக் கூப்பிட்டு, ஒரு ஓட்டு நடத்தித் தர வேண்டும் என்றார். யார் வேண்டுமானாலும் ஓட்டுக் கேட்கலாம் என்பதும் ஆன்ட்டி போட்ட சட்டம்தான்.

இரண்டு நாள் ஆன்ட்டி கீழே இறங்கவில்லை.  கறுப்புக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்து கீழே பாயின் வழுக்கைத் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மனுஷனை வீட்டை விட்டுத் துரத்துவதை எல்லாம் ஓட்டுக்கு விடலாமா, முடியாது என்று சொல்லிவிடுங்கள் என்று நான் சண்டைக்கே போனேன்.

"நான் முடியாதுன்னா அவரு வேற ஒரு டப்பா கொண்டு வருவாரு. அதுல சட்டம் ஒண்ணும் இருக்காது" என்றார். பிறகு கைப்பையைத் தட்டிக்கொண்டே, "என் டப்பா நான் பாத்துக்கறேன்" என்றார். கண்ணாடிக்குப் பின்னால் கண் லேசாகச் சிரித்தது. 

மறுநாள் படிக்கட்டில் அறிவிப்பு ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடிந்து வந்த பிறகு, பதினோரு மணியிலிருந்து பன்னிரண்டு வரை ஓட்டு. பிஸ்கட் டின்னில் எறும்பு புகுந்துவிட்டதால் இந்தத் தடவை டின் கிடையாது. அவரவர் வீட்டிலேயே இருந்து, துண்டுச் சீட்டில் 'இருக்கலாம்' என்றால் சரிக் குறி, 'போகணும்' என்றால் பெருக்கல் குறி போட்டு, மடித்து, கிளிப்பில் மாட்டிக் கயிற்றில் இறக்கினால் போதும். கயிற்றில் வந்தால் செல்லும்.

எல்லோருக்கும் சந்தோஷம். மாடி இறங்க வேண்டாம், ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டாம். ஊலேகூட இது நல்ல ஏற்பாடு என்று மெச்சினார். கிளிப்பிலிருந்து சீட்டைக் கழற்றப்போவது யார் என்று சனிக்கிழமை வரைக்கும் ஒருவருக்கும் தோன்றவில்லை. தேர்தல் அதிகாரியின் கை கயிற்றில் படக் கூடாதாம், அதிகாரி ஓட்டும் போடக் கூடாதாம், இரண்டும் புது விதி.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குத் தொப்பியோடு ஆன்ட்டி கீழே நின்றார். பக்கத்தில் பிளாஸ்டிக் முக்காலியில் பாய், சலவை மடிப்புக் கலையாத கட்டம் போட்ட லுங்கியில். உள்ளே திரைக்குப் பின்னால் அவர் மனைவியின் கால் மட்டும் தெரிந்தது. நான் இரண்டாம் மாடி பால்கனியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டு ஓட்டு இந்தத் தடவை என் மாமியார் கையில். நான் கேட்டால் தரமாட்டார். சீட்டில் குறியும் போடாமல், பேனாவையும் விடாமல், நாம் ஒன்றும் போடாமல் இருந்துவிட்டால் யாருக்கும் பொல்லாப்பு இல்லையே என்று திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பதினொன்றரை ஆயிற்று. ஒரு கயிறும் அசையவில்லை. பாயின் கையில் சீட்டைக் கொடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. கொடுக்காமல் இருந்தால் நல்லவர்களாக இருந்துவிடலாம் என்று எல்லா வீட்டிலும் ஒரே நினைப்பு. பிறகு நாலாம் மாடிக் கயிறு மட்டும் என் கண்முன்னால் மெள்ள இறங்கியது. கிளிப்பில் நன்றாக மடித்த சீட்டு. பாய் எழுந்து, கழற்றி, வலது முழங்கையை இடது கையால் தொட்டுக்கொண்டு, மரியாதையாக ஆன்ட்டியிடம் நீட்டினார். பிரிக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வராத ஓட்டு ஓட்டே இல்லை. அந்த ஒரு சீட்டு மட்டும் எண்ணப்பட்டால், ஒன்றுக்குப் பூஜ்யம், பாய் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆன்ட்டி போட்ட சட்டம் ஆன்ட்டியின் கழுத்தைப் பிடித்துவிட்டது. அதிகாரி ஓட்டுப் போடக் கூடாது என்பதும் அவர் சட்டம்தான்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிப் பாயின் வழுக்கைமேல் வைத்தார். அந்தச் சீட்டையும் கடிகாரத்தையும் அவர் கையில் திணித்து, நான் ராஜினாமா, இனி நீங்கள்தான் அதிகாரி என்று சொல்லிவிட்டு, பர்மா லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினார். தன்னைத் துரத்தும் தேர்தலுக்குத் தானே அதிகாரியாக, தலையில் 'உங்கள் குரல்' என்ற தொப்பியோடு பாய் நடுத்தெருவில் நின்றார். நான் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே கண் கலங்கியதும் எனக்குத்தான் தெரியும்.

எங்கள் வீட்டு வாசலில் ஆன்ட்டி மூச்சு வாங்க நின்றார். கதவு திறந்திருந்தது, மாமியார் பேனாவோடு நிமிர்ந்தார்.

"அக்கா, அந்த ஊலே தப்பா போட்டாலும் பேர் தெரிய, கயிறு தெரிய, அந்த மனுஷன் கையிலயே குடுத்துட்டாரு. நீங்க சரியா நெனைக்கிறத உள்ள வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. ரெண்டு பேர்ல யார் பெரிய ஆளுன்னு நீங்களே சொல்லுங்க."

பதிலுக்குக் காத்திருக்காமல் மேலே போய்விட்டார். சற்று நேரத்தில் மூன்றாம் மாடிக் கயிறு இறங்கியது. பாய் கழற்றினார். என் மாமியார் என்னைப் பார்த்து, மசமசவென்று நிற்கிறாயே, கயிற்றை இறக்கு என்று எரிந்து விழுந்தார். எங்கள் கயிறு போயிற்று. அதைப் பார்த்து முதல் மாடி. ஐந்தாம் மாடிச் சகோதரிகள் யார் இறக்குவது என்று சண்டை போடுவது கேட்டது, பிறகு அதுவும் வந்தது. பன்னிரண்டு அடிக்கச் சற்று முன்பு, முன்னொரு காலத்தில் இருட்டில் விழுந்தவளின் கயிறும் ஆறாம் மாடியிலிருந்து வந்து சேர்ந்தது.

ஆன்ட்டி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, பாய், உங்கள் வீட்டு ஓட்டு எங்கே என்று கத்தினார்.

"அதிகாரி போடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க, சயாமா" என்றார் பாய்.

எண்ண வேண்டியதும் அவர்தான். ஆறு சீட்டையும் குலுக்கி, ஒவ்வொன்றாகப் பிரித்து, தெருவுக்கே கேட்கும்படி பர்மியில் வாசித்தார். போகணும். இருக்கலாம். இருக்கலாம். போகணும். அந்த இரண்டாவது 'போகணும்' வந்தபோது அந்தச் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தொப்பியை நேராக்கிக்கொண்டு, அடுத்ததைப் பிரித்தார். இருக்கலாம். இருக்கலாம். நாலுக்கு இரண்டு. திரைக்குப் பின்னால் இருந்த கால் மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டது.

அந்த இன்னொரு பெருக்கல் குறி யாருடையது என்று இன்றுவரை தெரியாது. நான் துப்புத் துலக்கப் பார்த்தேன். ஆன்ட்டி என்னை இரண்டு நாள் வீட்டுக்குள் சேர்க்கவில்லை.

எங்களுக்கெல்லாம் அதற்குப் பிறகு இருந்தது ஒரே கவலை, ஊலே. தோற்றுப் பழக்கமில்லாத மனுஷன். கீழே இறங்கவே இல்லை. பாய் தினமும் காலையில் வழக்கம்போல அவர் கயிற்றில் பேப்பரை மாட்டி, வழக்கம்போல மணி அடித்தார். கயிறு மேலே போகும், ஆள் தலை தெரியாது. ஆன்ட்டி மட்டும் கவலைப்படவில்லை. முதல் தடவை கொஞ்சம் வலிக்கும், எனக்கும் வலித்தது என்றார்.

ஒரு சாயங்காலம் நான் பாய் கடையில் முட்டை வாங்கிக்கொண்டிருந்தேன். நாலாம் மாடிக் கயிறு இறங்கியது. மேலே பால்கனியில் யாரும் இல்லை. கிளிப்பில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் வாழையிலைப் பொட்டலம். பாய் பிரித்தார். லப்பெட். பயறு கருகியிருந்தது, பூண்டை உரிக்கத் தெரியாமல் தோலோடு நசுக்கியிருந்தது. கடையில் வாங்கியது இல்லை, அந்த மனுஷன் கையால் பிசைந்ததுதான். பாய் அதை மறுபடி இலையில் மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு தெருவுக்கு நடுவில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"சயாமா. தோத்தவங்க நேர்லதானே கொண்டாரணும்? இது செல்லுமா?"

மூன்றாம் மாடியில் ஆன்ட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பொட்டலத்தையும், மேலே காலியாக இருந்த பால்கனியையும் மாறி மாறிப் பார்த்தார். நாலாம் மாடி ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒருவர் ஒட்டுக்கேட்பது தெருவுக்கே தெரிந்தது.

"கயித்துல வந்தா செல்லும் பாய். சாப்பிட்டுட்டு மணிய அடிங்க" என்றார்.